மிடில்டனோடு கடலில் விழுந்த இருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்சாக் நாளையொட்டித் தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட ஆஸ்திரேலிய விமானிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிட்னியில் குடியிருக்கும் எனக்கு, இந்த நாட்டு மக்கள் ஏப்ரல் 25 அன்று விடியுமுன் எழுந்துபோய் இருட்டில் நின்று நினைவுகூரும் மனிதர்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது அரிது. ஆகவே கட்டுரையை வெளியிட்டதற்கு முதலில் என் நன்றி. ஆனால் ராடன் ஹியூம் மிடில்டனைப் பற்றி அதில் வந்த பகுதியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் தன்னந்தனியாக ஓட்டிவந்து, வீரமரணம் எய்த வேண்டும் என்றே அதைக் கடலில் பாய்ச்சியவர் என்ற எண்ணத்தையே அந்தப் பகுதி வாசகர் மனத்தில் விட்டுச்செல்கிறது. நடந்தது அதுவன்று. அந்த விமானத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஐந்து பேர் பிழைத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். கட்டுரையில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது.

சிறு பிழைகளை முதலில் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் வீர விருதுகளில் மிக உயர்ந்ததான விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் ஆஸ்திரேலிய விமானி மிடில்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமை முதல் உலகப் போரிலேயே, 1917 மார்ச்சில் பாலஸ்தீனத்தில் எதிரியின் குதிரைப்படை நெருங்கிக்கொண்டிருக்கத் தரையிறங்கிச் சக விமானியை மீட்டுவந்த ஃபிராங்க் மெக்நமாராவுக்குப் போய்விட்டது. இரண்டாம் போரிலும், 1941 ஜூலையில் பிரெமன் துறைமுகத்தைப் பட்டப்பகலில் தாக்கிய ஹியூ எட்வர்ட்ஸ் மிடில்டனை முந்திக்கொண்டார். அவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவரானாலும் பணியாற்றியது பிரிட்டிஷ் விமானப்படையில். ஆஸ்திரேலிய விமானப்படையைச் சேர்ந்தவராக இருந்து அந்த விருதைப் பெற்ற முதல்வர் என்றால்தான் மிடில்டனுக்குச் சரியாகப் பொருந்தும். அந்தப் போரில் அப்படிப் பெற்றவர்களே இரண்டு பேர்தான். மற்றவர் நியூ கினியில் ஜப்பானியரிடம் சிக்கிக் கொல்லப்பட்ட வில்லியம் நியூட்டன். இருவரும் குண்டுவீச்சு விமானிகள். இருவருமே விருது அறிவிக்கப்பட்டபோது உயிரோடு இல்லை.

அடுத்து, மிடில்டன் ஓட்டியதை ஆஸ்திரேலிய விமானம் என்றும், அவர் தாக்கச் சென்றது ஜெர்மானிய நகரம் என்றும் கட்டுரை சொல்கிறது. விமானம் பிரிட்டிஷ் விமானப்படையினுடையது. நகரம் இத்தாலியின் டுரின்.

இந்தக் குழப்பம் கட்டுரையாளருக்கு மட்டுமல்ல, இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வருவதுதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. மிடில்டன் 1916 ஜூலை 22 அன்று சிட்னியின் வேவர்லியில் பிறந்து, நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் உள்ள டப்போ உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். நிலவழி ஆய்வுப் பயணங்களால் பெயர்பெற்ற ஹாமில்டன் ஹியூமின் உறவுவழியில் வந்தவர் என்பதால்தான் பெயரின் நடுவில் அந்த ஹியூம். படிப்பு முடிந்ததும் ஜாக்கரூ ஆனார். ஆட்டுப் பண்ணையில் தங்கி, குதிரையேறி மந்தையை ஓட்டி, வேலி கட்டி, ஒருநாள் பண்ணையை நடத்தும் அளவுக்குத் தொழிலைக் கற்றுக்கொள்ளும் இளைஞனுக்கு இங்கே அந்தப் பெயர். இதற்கு ஈடாகத் தமிழில் ஒற்றைச் சொல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. 1940 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரேலிய விமானப்படையில் சேர்ந்தார். ஆனால் அந்தப் படையின் விமானத்தில் அவர் ஒருநாளும் போருக்குப் போகவில்லை.

1939 டிசம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்ட பேரரசு விமானப் பயிற்சித் திட்டம்தான் காரணம். குண்டுவீச்சுப் போருக்கு எக்கச்சக்கமான ஆட்கள் வேண்டியிருந்தது. பிரிட்டனின் வானமோ பயிற்சிக்கு ஏற்றதாக இல்லை. எனவே இளைஞர்கள் தத்தம் நாடுகளில் தொடக்கப் பயிற்சி பெற்று, பலர் கனடாவில் மேற்பயிற்சி முடித்து, பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே எந்தப் படைப்பிரிவில் ஆள் குறைகிறதோ அதில் போட்டார்கள். மிடில்டனும் டப்போவுக்குப் பக்கத்து ஊரான நாரமைனில் முதற்பயிற்சி பெற்று, கனடா வழியாக 1941 செப்டம்பரில் பிரிட்டன் சேர்ந்து, 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 149-ஆம் ஸ்குவாட்ரனில் இடம்பெற்றார். அவருடைய கடைசிப் பயணத்தில் உடன் இருந்த ஏழு பேரும் பிரிட்டிஷ்காரர்கள். சம்பளப் பட்டியலில் ஒரு நாடு, பறப்பது இன்னொரு நாட்டின் விமானத்தில், உடன் பறப்பவர்கள் அந்த நாட்டுக்காரர்கள் என்ற இந்த ஏற்பாட்டில் ஓர் ஆளை எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது என்பது அவர் இறந்த பிறகுதான் பெரிய கேள்வியாகிறது. போகிறபோக்கில் ஒன்று: அந்த 149-ஆம் ஸ்குவாட்ரனின் பெயரோடு ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற ஒட்டு இருந்தது. சென்னை மாகாணத்தின் பெயரைச் சுமந்த ஸ்குவாட்ரன்களும் அதே விமானப்படையில் இருந்தன; அவை சண்டை விமானப் பிரிவுகள்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஸ்டர்லிங் விமானத்தைப் பற்றி நாலு வரி சொல்லியாக வேண்டும். நான்கு எஞ்சின் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானம் அது. இறக்கையின் அகலம் 100 அடியைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு வடிவமைக்கப்பட்டது. உடம்பு பெருத்து இறக்கை குறுகிப்போனதால், தாழ்வாகப் பறக்கையில் நன்றாக வளைந்து கொடுத்த அந்த விமானத்தால் முழுச் சுமையோடு உயரம் ஏற முடியவில்லை. பின்னால் வந்த லங்காஸ்டர் விமானங்கள் பல ஆயிரம் அடி மேலே பறந்தபோது, ஸ்டர்லிங்குகள் கீழே பீரங்கிகளின் கைக்கு எட்டும் உயரத்தில் போய்க்கொண்டிருந்தன. சமவெளி நகரத்தைத் தாக்கவே இந்த நிலை என்றால், வழியில் ஆல்ப்ஸ் மலை குறுக்கிடும்போது எப்படியிருக்கும்! மான் பிளாங்க் சிகரத்தின் உயரம் 15,700 அடிக்கு மேல். ஸ்டர்லிங்கில் போகிறவர்கள் சிகரங்களுக்கு மேலாக அல்ல, சிகரங்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் போக வேண்டியிருந்தது.

1942 நவம்பர் 28 இரவு டுரினைத் தாக்க அனுப்பப்பட்டவை 228 விமானங்கள். அவற்றில் 47 ஸ்டர்லிங்குகள். மிடில்டனின் குழுவுக்குக் குறிக்கப்பட்ட இலக்கு பியட் தொழிற்சாலை. அம்பாசிடரும் பியட்டும் மட்டுமே ஓடிய சாலைகளைப் பார்த்து வளர்ந்த என் தலைமுறைக்கு அந்தப் பெயர் கார் முதலாளிகளின் வீட்டு வாசலைத்தான் நினைவூட்டும். அன்றைக்கோ அது இத்தாலியப் போர் உற்பத்தியின் முதுகெலும்பு. மிடில்டனுக்கு அது இருபத்தொன்பதாவது தாக்குதல். முப்பது முடித்தால் ஒரு ‘டூர்’ முடிந்தது, அதன்பிறகு சில காலம் களத்திலிருந்து விலகிப் பயிற்சிப் பணி போன்றவற்றில் மூச்சுவிட்டுக்கொள்ளலாம் என்பது அன்றைய நடைமுறை. சுற்றுலாவுக்குச் சொல்கிற சொல்லையே இதற்கும் வைத்தார்கள்.

அவருடைய விமானம் 12,000 அடிக்கு ஏறவே திணறியது. ஏறுவதற்குள் பெட்ரோல் கணக்குக்கு மேல் செலவாகிவிட்டது. சிகரங்கள் கண்ணுக்கே புலப்படாத இருட்டு. திரும்பிப் போகவே பெட்ரோல் போதுமோ போதாதோ என்ற நிலையில், மலையைத் தாண்டும் நடுவழியில், போவதா திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு விமானத்தின் தலைவரான மிடில்டனுடையது. அந்த நேரத்தில் முன்னே வெளிச்சக் குண்டுகள் எரிவது தெரிந்தது. தொடர்ந்து போனார். டுரினுக்கு மேலே வந்ததும், அவ்வளவு பாடுபட்டு ஏறிய உயரத்தையெல்லாம் விட்டுக்கொடுத்து, இலக்கை அடையாளம் காண்பதற்காக 2,000 அடிக்கு இறங்கினார். ஒருமுறை பார்த்துத் தெரியவில்லை. மூன்றாம் முறை நகரத்தின்மேல் பறந்தபோதுதான் தொழிற்சாலை அடையாளம் தெரிந்தது.

அந்த உயரத்தில் சிறு பீரங்கிகளே போதும். இடப்பக்க இறக்கையில் பெரிய ஓட்டை விழுந்து, விமானத்தைச் சாயாமல் பிடிப்பதே கடினமாயிற்று. அடுத்து ஒரு குண்டு விமானிகள் அமர்ந்திருந்த அறைக்குள்ளேயே வெடித்து முன்கண்ணாடியை நொறுக்கியது. சிதறிய துண்டு ஒன்று மிடில்டனின் முகத்தைக் கிழித்து, வலக்கண்ணை அழித்து, கண்ணுக்கு மேலிருந்த எலும்பு தெரியும்படி செய்தது. துணை விமானி ஹைடருக்குத் தலையிலும் இரண்டு கால்களிலும் காயம். வயர்லெஸ் பார்த்தவருக்குக் காலில் காயம். மிடில்டன் நினைவிழந்தார். தலைகுப்புற இறங்கிய விமானம் தரைக்கு 800 அடி உயரத்தில் இருக்கும்போது ஹைடர் அதைப் பிடித்து நிமிர்த்தி, 1,500 அடிக்கு ஏற்றி, குண்டுகளைப் போடச் செய்தார். துப்பாக்கியாளர்கள் மூவரும், பின்புறத் துப்பாக்கிக் கூடு செயலிழக்கும்வரை, கீழிருந்து சுட்டவர்களுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கட்டுரை இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிட்டது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். குண்டுகளைப் போட்டது மிடில்டன் அல்லர். அப்போது அவர் நினைவின்றிக் கிடந்தார். விமானத்தை நிமிர்த்தியவரும் அவர் அல்லர். நினைவு திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், நகரத்தை விட்டு விலகியவுடன் ஹைடரைப் பின்னே அனுப்பி முதலுதவி பெறச் சொன்னது. ஹைடரோ கட்டுப் போட்டு முடிப்பதற்குள் எழுந்து முன்னே வந்துவிட்டார். ஏனென்றால் தலைவருக்குப் பார்வை ஏறத்தாழ இல்லை, பேச வாயைத் திறந்தாலே இரத்தமும் வலியும். ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொள்ள முடியாத இடத்தில், உடைந்த கண்ணாடி வழியே ஆல்ப்ஸின் குளிர்காற்று முகத்தில் அறைய, காயம்பட்ட இருவரும் அடுத்தடுத்த இருக்கைகளில் உட்கார்ந்து அந்த மலையை மறுபடியும் தாண்டினார்கள். இதை ஒருவரின் தனி வீரமாகச் சுருக்கினால், ஹைடருக்கு மட்டுமல்ல, மிடில்டனுக்கும் அநியாயம் செய்தவர்களாவோம்.

வழியில் அவர்கள் கலந்து பேசியதும் பதிவாகியிருக்கிறது. எல்லாரும் குதித்துவிடலாமா, வட பிரான்சில் எங்காவது இறக்கிவிடலாமா என்று யோசித்தார்கள். பிரான்ஸ் அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது, இறங்கினால் சிறை. ஆனால் சிறையில் ஜெர்மானிய மருத்துவராவது இருந்திருப்பார். படுமோசமாகக் காயம்பட்டிருந்த மிடில்டனுக்குத் தன் உயிரை நினைத்திருந்தால் அதுதான் வழி. அவர் ஆங்கிலக் கரையைப் பிடிக்கப் பார்ப்பதாகச் சொன்னார். அங்கே போனால் குழுவினர் பாராசூட்டில் தம் மண்ணிலேயே குதிக்கலாம். அதற்குள் தனக்குக் குதிக்கும் வலுவும் இருக்காது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று விருதுக் குறிப்பு சொல்கிறது. இதைத்தான் கட்டுரையாளர் சாவைத் தேடிப் போனதாகப் படித்திருக்கிறார். சாவை விரும்பியவருக்கு டுரினிலேயே அது கிடைத்திருக்கும். நாலு மணி நேரம் ஒற்றைக் கண்ணோடு விமானத்தை இழுத்துக்கொண்டு வந்தவர் தேடியது இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையை.

நாலு மணி நேரம் கழித்துப் பிரெஞ்சுக் கரை வந்தது. 6,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானத்தை அங்கேயும் பீரங்கிகள் பிடித்துக்கொண்டன. அப்போதும் விமானத்தை வளைத்துத் திருப்பித் தப்பிக்கும் அளவு பலத்தை மிடில்டன் எங்கிருந்தோ திரட்டிக்கொண்டார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது ஐந்து நிமிடம் பறக்கத்தான் பெட்ரோல் மிச்சம். எல்லாரையும் குதிக்கச் சொல்லிவிட்டு, குதிப்பவர்கள் தரையில் விழ வசதியாகக் கரையை ஒட்டியே சில மைல் பறந்தார். பிறகு கடலை நோக்கித் திருப்புவது என்பது அவர் எண்ணம். ஐந்து பேர் குதித்துப் பிழைத்தார்கள், ஹைடரும் அவர்களில் ஒருவர்.

இருவர் குதிக்கவில்லை. முன்புறத் துப்பாக்கியாளர் சார்ஜென்ட் ஜான் மேக்கி, விமானப் பொறியாளர் சார்ஜென்ட் ஜேம்ஸ் ஜெஃப்ரி. மிடில்டனுக்கு உதவியாக அவர்கள் விமானத்திலேயே இருந்துவிட்டார்கள் என்பது விருதுக் குறிப்பின் வாசகம். அந்த வேலைகள் என்னவென்று தெரிந்தால் இதன் கனம் இன்னும் கூடும். ஸ்டர்லிங்கில் விமானப் பொறியாளருக்கு இருந்த முதன்மையான கடமைகளில் ஒன்று, இறக்கைகளுக்குள் இருக்கும் பல பெட்ரோல் தொட்டிகளில் எதில் எவ்வளவு இருக்கிறது என்று முள்காட்டிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே, ஒன்று தீரத் தீர அடுத்ததைத் திறந்துவிடுவது. ஐந்து நிமிடத்துக்குத்தான் பெட்ரோல் இருக்கிறது என்பதை அந்த விமானத்தில் மற்ற எவரையும்விட ஜெஃப்ரி நன்றாக அறிந்திருப்பார். அறிந்துதான் இருந்தார். மேக்கி இயக்கிவந்த துப்பாக்கிக்கோ அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் எந்த வேலையும் இல்லை. அவர் தங்கியதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அவர்கள் இருவரின் உடல்களும் மறுநாளே கடலிலிருந்து மீட்கப்பட்டன.

மிடில்டனின் உடல் கிடைக்கவில்லை. 1943 ஜனவரி 15 அன்று லண்டன் அரசிதழில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டபோதும் அவர் கடலில்தான் இருந்தார். பிப்ரவரி 1 அன்று டோவரின் ஷேக்ஸ்பியர் கடற்கரையில் உடல் கரையொதுங்கியது. சஃபோக் மாவட்டத்துப் பெக் ரோ என்ற ஊரில், புனித ஜான் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவரை அதிகாரி என்று கட்டுரை குறிப்பிடுவதையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். டுரினுக்குப் புறப்பட்டபோது அவர் ஃப்ளைட் சார்ஜென்ட்; அது அதிகாரிப் பதவி அன்று. பைலட் ஆபீசர் என்ற அதிகாரிப் பதவி நவம்பர் 15 என்று முன்தேதியிட்டு வந்துசேர்ந்தபோது அவர் இறந்துவிட்டிருந்தார். அவருக்கு வயது இருபத்தாறு.

மேக்கிக்கும் ஜெஃப்ரிக்கும் ஏன் பெரிய பதக்கம் இல்லை என்று வாசகர்கள் கேட்கக்கூடும், நானும் கேட்டுக்கொண்டதுண்டு. அக்காலத்துப் பிரிட்டிஷ் விதிப்படி, எதிரியின் முன் காட்டிய வீரத்திற்காக இறந்தவருக்குத் தரக்கூடியவை இரண்டே இரண்டுதான். ஒன்று மிக உயர்ந்த விக்டோரியா கிராஸ்; மற்றது போர்க்கள அறிக்கையில் பெயரைக் குறிப்பிடுவது. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த பதக்கங்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். ஏணியின் உச்சிப்படியும் அடிப்படியும் மட்டும் இருக்க, நடுப்படிகளை எடுத்துவிட்ட மாதிரி. ஒரே விமானத்தில் ஒரே நேரத்தில் ஒரே கடலில் விழுந்த மூவரில் ஒருவர் பெயரை உலகம் அறிவதற்கும், இருவர் பெயர் அடிக்குறிப்பில் நிற்பதற்கும் இந்த விதிக்கும் பங்கு உண்டு. அரசாங்கத்தின் விதி அப்படி. ஆனால் எழுதுகிற நமக்கு அந்த விதி கிடையாதே.

சென்ற ஆண்டு கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்துக்குப் பேரனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மிடில்டனின் விக்டோரியா கிராஸ் அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. அதைவிட என்னை நிற்க வைத்தது மேல்தளத்து நடைச்சுவரில் பதித்திருக்கும் வெண்கலப் பலகைகள். இந்த நாட்டுக்காகப் போர்களில் இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அவற்றில் வார்க்கப்பட்டிருக்கின்றன. வருகிறவர்கள் செந்நிறப் பாப்பிப் பூவின் காம்பைப் பலகைகளின் இடுக்கில், தமக்கு வேண்டியவர் பெயருக்கு அருகில் செருகிவிட்டுப் போகிறார்கள். விமானப்படைப் பலகைகளில் விரலால் தடவிக்கொண்டே போனால் மிடில்டனும் வருகிறார். குடும்பப் பெயர் முன்னே, முதலெழுத்துகள் பின்னே. நாம் எழுதுவதற்கு நேர் எதிர். பதவி இல்லை, விருதும் இல்லை. விக்டோரியா கிராஸ் பெற்றவரும், பயிற்சியின்போதே விமானம் நொறுங்கிச் செத்தவரும் அங்கே ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கிறார்கள். அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சுவரிலும் மேக்கியும் ஜெஃப்ரியும் கிடையாது. அவர்கள் பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியப் பட்டியலில் அவர்களுக்கு இடம் இருக்க முடியாது. பிரிட்டனிலோ அவர்கள் 55,573 பேரில் இருவர்.

அந்த எண்ணைச் சொல்லாமல் விட முடியவில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் ஏறக்குறைய 1,25,000 பேர், இறந்தவர்கள் 55,573. பறந்தவர்களில் ஆஸ்திரேலியர் பத்தாயிரம் பேர் அளவில். அவர்களில் 3,486 பேர் மடிந்தார்கள். அந்தப் போரில் சேர்ந்த ஆஸ்திரேலியர்களை நூறாக வைத்தால், இந்தப் படைக்குப் போனவர்கள் இரண்டு பேர்கூட இல்லை. சண்டையில் இறந்தவர்களை நூறாக வைத்தாலோ ஏறத்தாழ இருபது பேர் இவர்கள். இவ்வளவு பேர் இறந்தும், லண்டனின் கிரீன் பார்க்கில் அந்தப் படைக்கென்று தனி நினைவுச்சின்னம் எழுந்தது 2012 ஜூன் மாதத்தில்தான். அவர்கள் போட்ட குண்டுகளின் கீழே இருந்த நகரங்களின் நினைவு, வென்ற நாட்டையும் நெடுங்காலம் வாய்திறக்க விடாமல் செய்தது.

டுரினைப் பற்றிக் கட்டுரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; இதுவும் என் மனத்தாங்கல்களில் ஒன்று. 1942 அக்டோபர் இறுதியிலிருந்து ஜெனோவா, மிலான், டுரின் ஆகிய வட இத்தாலிய நகரங்களின்மீது இரவிரவாகக் குண்டுகள் விழுந்தன. வட ஆப்பிரிக்காவில் நடந்த சண்டைகளுக்குத் துணையாக இத்தாலியரின் மன உறுதியைக் குலைப்பது அதன் நோக்கம். நவம்பரில் மட்டும் டுரின் பலமுறை அடி வாங்கியது. தொழிற்சாலையில் விழுந்த குண்டுகள் உண்டு. குடியிருப்புகளில் விழுந்து குடும்பங்களை அழித்த குண்டுகளும் உண்டு. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நகரத்தைக் காலிசெய்து கிராமங்களுக்குப் போனார்கள். மிடில்டன் மூன்று முறை தாழ்ந்து பறந்தது இலக்கை அடையாளம் காண்பதற்காக என்பதை நான் ஒரு புகழுரையாகச் சொல்லவில்லை. ஆனால், இருட்டில் குத்துமதிப்பாகக் குண்டுகளைக் கொட்டிவிட்டுத் திரும்பிய விமானங்கள் நிறைய இருந்த காலத்தில் அவர் அப்படிச் செய்தார் என்பது உண்மை, அந்தச் செயலே அவருக்குக் கண்ணையும் உயிரையும் விலையாகக் கேட்டது என்பதும் உண்மை. கீழே இருந்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருந்தால் மிடில்டனின் மதிப்பு குறைந்திருக்காது. போரில் இருந்த மனிதராக அவர் நமக்குத் தெரிந்திருப்பார். இப்போது சுவரொட்டியில் இருக்கும் கதாநாயகனாகத் தெரிகிறார்.

கட்டுரையாளரின் நடையைப் பற்றியும் ஒரு சொல். களத்தில் விழுந்தவரைப் பாடுவதில் நம் மொழிக்கு இருக்கும் பழக்கம் மிகப் பழையது. அதனால்தானோ என்னவோ, இப்படி ஒரு செய்தி கைக்கு வந்ததும் காவு, பலி, தியாகத் தீ, வீர வேள்வி என்ற சொற்கள் தாமாக வந்து வரிசையில் நின்றுவிடுகின்றன. நடுகல் நட்டவர்களோ பெயரையும் செய்ததையும் எழுதினார்கள்; எந்த ஊர், எந்தச் சண்டை, யார் மகன், எதை மீட்கப் போய் விழுந்தான் என்று நறுக்கென்று வெட்டிவைத்தார்கள். மிடில்டனின் விருதுக் குறிப்பும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது: எத்தனை அடி உயரம், எத்தனை முறை பறந்தார், எந்தக் கண் போயிற்று, எத்தனை நிமிடத்துக்குப் பெட்ரோல் இருந்தது என்று கணக்காகச் சொல்லிக்கொண்டே போய், கடைசிச் சில வாக்கியங்களில்தான் புகழ்ச்சி வருகிறது. அந்தக் கணக்குகளைத் தமிழில் அப்படியே தந்திருந்தாலே போதும்; படிக்கிறவர் நெஞ்சு தானே கனத்திருக்கும்.

திருத்தம் வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருக்குமானால், இடம் போதாது என்று மற்றவற்றை விட்டுவிட்டாலும் பாதகமில்லை. விக்டோரியா கிராஸ் வரிசை, பதவி, நகரத்தின் பெயர் ஆகியவற்றை வேண்டுகிறவர்கள் தேடிக் கண்டுகொள்வார்கள். 1942 நவம்பர் 29 அதிகாலையில் அந்த ஸ்டர்லிங்கோடு இறந்தவர்கள் மூவர் என்பதை மட்டும் தவறாமல் போடுங்கள். ராடன் மிடில்டன், ஜான் மேக்கி, ஜேம்ஸ் ஜெஃப்ரி என்று மூன்று பெயரையும் ஒரே வரியில் அச்சிடுங்கள். மிடில்டனும் மேலும் இருவரும் என்று எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சிட்னி.